ஜெர்மனியில் ரோபோரோவ்ஸ்கி ஹாம்ஸ்டர்: தேடுவது எப்படி, வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து, வாடகை வீடு அமைந்து, பிள்ளைகளுக்குப் பள்ளித் தோழர்கள் கிடைத்ததும் பல வீடுகளில் ஒரு கோரிக்கை எழுகிறது: “நாமும் ஒரு ஹாம்ஸ்டர் வளர்க்கலாமா?” பிள்ளைகள் இல்லாத வீடுகளிலும், தனியாக அறை எடுத்துத் தங்கும் மாணவர்களிடமும் இந்த ஆசை உண்டு. நாய்க்கு நகராட்சி வரி கட்ட வேண்டும், தினமும் வெளியே அழைத்துப் போக வேண்டும். பூனைக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். எலியைப் போன்ற சிறு கொறிவிலங்கான ஹாம்ஸ்டருக்கு வரி, உரிமம், பதிவு எதுவும் கிடையாது. ஆனால் குறிப்பாக ரோபோரோவ்ஸ்கி என்ற மிகச் சிறிய ஹாம்ஸ்டர் வகைதான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்குத் தேடல் அவ்வளவு எளிதல்ல. கோல்ட்ஹாம்ஸ்டர் என்று ஜெர்மானியர்கள் அழைக்கும் சிரியன் வகை கிடைக்கிற அளவுக்கு இது கிடைப்பதில்லை.

தேடத் தொடங்கும் எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். விலங்கைத் தேடுவதற்கு முன் அதன் இருப்பிடத்தை முழுதாக அமைத்துவிடுங்கள். அது கருணைக்காக மட்டும் சொல்வதல்ல. ஜெர்மனியில் ஹாம்ஸ்டரைக் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது இருப்பிடத்தின் புகைப்படத்தைத்தான். அது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரோபோரோவ்ஸ்கி, வீட்டில் வளர்க்கப்படும் ஹாம்ஸ்டர்களிலேயே மிகச் சிறியது. வளர்ந்த விலங்கே ஐந்து சென்டிமீட்டர் நீளமும் 20 முதல் 25 கிராம் எடையும்தான் இருக்கும். மங்கோலியா, வட சீனா, கஜகஸ்தான் பகுதிகளின் பாலைவன மணல்வெளிகள் அதன் தாயகம். 1894-இல் அதைக் கவனித்துக் குறிப்பெழுதிய ரஷ்ய ஆய்வுப் பயணி ரோபோரோவ்ஸ்கியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

அடையாளம் காண மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதுகில் கோடு இருக்காது. கண்ணுக்கு மேலே புருவம் வரைந்ததுபோல் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். உடல் மணல் நிறம், வயிறு தூய வெள்ளை. முகம் முழுக்க வெள்ளையாக இருக்கும் நிறவகையும் உண்டு. அதில் புருவப் புள்ளி தெரியாது என்பதால் குழம்ப வேண்டாம்.

கடைகளில் வெறுமனே ‘குட்டை ஹாம்ஸ்டர்’ என்று பலகை வைத்திருப்பார்கள். அதற்குள் குறைந்தது மூன்று இனங்கள் அடங்கும். முதுகில் கருங்கோடும் சாம்பல் உடலும் இருந்தால் அது ஜங்கேரியன். பழுப்பு நிறமும் மெல்லிய கோடும், சில சமயம் சிவந்த கண்களும் இருந்தால் கேம்ப்பெல். இந்த இரண்டும் ஒன்றோடொன்று இனக்கலப்பு அடையும் என்பதால் விற்பனைக்கு வருவதில் கலப்பினம் ஏராளம். அவற்றில் நீரிழிவு வரும் வாய்ப்பு பற்றி வளர்ப்பாளர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். ரோபோரோவ்ஸ்கி மற்ற இரண்டோடும் கலப்பதில்லை. எனவே மேலே சொன்ன அடையாளங்கள் பொருந்தினால் நீங்கள் பார்ப்பது ரோபோரோவ்ஸ்கிதான் என்று நம்பலாம்.

இன்னொன்று. ஜெர்மனியின் வயல்களில் திரியும் காட்டு ஹாம்ஸ்டர் சட்டத்தால் கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட இனம். உலக அளவில் அது அழிவின் விளிம்பில் இருப்பதாக 2020-இல் அறிவிக்கப்பட்டது. வயலோரம் ஒன்றைப் பார்த்தால் பார்த்துவிட்டு நகருங்கள். பிடிக்கக் கூடாது.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது

ரோபோரோவ்ஸ்கி கையில் வைத்துக் கொஞ்சும் விலங்கு அல்ல. அது மின்னல் வேகத்தில் ஓடும், உள்ளங்கையிலிருந்து நழுவிக் குதிக்கும், அந்த உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியும். அந்தி சாய்ந்த பிறகுதான் அதன் நாள் தொடங்கும். உட்கார்ந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அதைப்போல் மகிழ்ச்சி தருவது அரிது. மணலில் உருண்டு எழுவதையும், இரண்டு கன்னங்களையும் விதையால் நிரப்பிக்கொண்டு வளைக்குள் ஓடுவதையும் மணிக்கணக்கில் பார்க்கலாம். ஆறு வயதுப் பிள்ளை அதைத் தூக்கித் தடவ ஆசைப்பட்டால் இந்த இனம் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுங்கள். ஆயுள் ஏறக்குறைய மூன்று ஆண்டு. அதையும் சொல்லிவைப்பது நல்லது.

சட்டப்படியும் விலங்கின் பொறுப்பு பெரியவருக்குத்தான். பதினாறு வயது நிறையாதவரிடம் பெற்றோர் சம்மதமின்றி முதுகெலும்புள்ள எந்த விலங்கையும் கொடுக்கக் கூடாது என்கிறது ஜெர்மனியின் விலங்கு நலச் சட்டம். மகனையோ மகளையோ தனியாகக் கடைக்கு அனுப்பிவிட்டு எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் ‘விலங்கு கூடாது’ என்று இருந்தால்?

பலர் இந்த வரியைப் பார்த்ததும் ஆசையைக் கைவிடுகிறார்கள். ஹாம்ஸ்டர் விஷயத்தில் அப்படிக் கைவிட வேண்டியதில்லை. மூடிய இருப்பிடத்தில் வளரும் சிறு விலங்குகளை வீட்டு உரிமையாளர் பொதுவாகத் தடுக்க முடியாது. பறவை, மீன் தவிர எல்லா விலங்குக்கும் உரிமையாளர் அனுமதி வேண்டும் என்ற ஒப்பந்தப் பிரிவு ஒன்றை ஜெர்மனியின் மத்திய நீதிமன்றம் 2007 நவம்பரில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஹாம்ஸ்டர் போன்ற மற்ற சிறு விலங்குகளுக்கும் அந்தப் பிரிவு விலக்கு அளிக்கவில்லை என்பதுதான் காரணம்.

உரிமை இருக்கிறது என்பதற்காக மோதலில் தொடங்க வேண்டாம். மாணவர் விடுதியிலோ பகிர்ந்துகொள்ளும் வீட்டிலோ இருப்பவர்கள் கூடத் தங்குவோரிடம் முதலில் பேசிவிடுங்கள். இரவில் சக்கரம் ஓடும். சுவர் மெல்லியதாக இருந்தால் அந்தச் சத்தம் பக்கத்து அறையில் கேட்கும். விலங்குக் காப்பகங்களில் சில, வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் கேட்கும். அது அவர்களின் சொந்த விதி.

இருப்பிடம்: இதில் கஞ்சத்தனம் வேண்டாம்

கடையில் வண்ண வண்ணக் குழாய்களோடு விற்கப்படும் பிளாஸ்டிக் கூண்டுகளை வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஹாம்ஸ்டருக்குப் போதாது. விலங்கு நலத்துக்கான ஜெர்மன் கால்நடை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 100 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம். விலங்கு சிறிது என்பதற்காக இந்த அளவைக் குறைக்கக் கூடாது. ஐந்து சென்டிமீட்டர் விலங்கானாலும் திறந்த பாலைவனத்தில் ஓடிப் பழகிய இனம் அது. ஹாம்ஸ்டர் மீட்புக் குழுக்கள் இதைவிடப் பெரியதையே எதிர்பார்க்கின்றன.

கம்பிக் கூண்டு இந்த இனத்துக்குச் சரிவராது. கம்பிகளுக்கு இடையே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலே குட்டி ரோபோ (ரோபோரோவ்ஸ்கியைச் சுருக்கி இப்படித்தான் அழைப்பார்கள்) நுழைந்து வெளியேறிவிடும். கண்ணாடி மீன்தொட்டியோ, மரத்தால் செய்து முன்பக்கம் கண்ணாடி பொருத்திய பெட்டியோ பொருத்தம். மேலே காற்றோட்டத்துக்கு நெருக்கமான கம்பிவலை இருக்க வேண்டும். நீர் ஒழுகுவதால் மீன் வளர்க்க முடியாமல்போன மீட்டர் நீளத் தொட்டிகள் பயன்படுத்திய பொருள் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும். ஹாம்ஸ்டருக்கு ஒழுகினால் என்ன? விளிம்பு உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

உள்ளே என்ன வேண்டும்? ஒரு பக்கம் இருபது சென்டிமீட்டருக்குக் குறையாமல் மரச்சீவல் நிரப்புங்கள். இடையிடையே வைக்கோல் அடுக்கினால் அது தோண்டும் வளை சரியாது. இன்னொரு பக்கம் மணல். ரோபோவுக்கு மணல்தான் உயிர்நாடி. இருப்பிடத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது மணலுக்கு ஒதுக்குங்கள். மணலை வாங்கும்போது விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் பறந்தால் அது நுரையீரலுக்குக் கேடு, திருப்பி வைத்துவிடுங்கள். சக்கரம் 20 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையக் கூடாது. ஓடும் பரப்பு இடைவெளியின்றி மூடியிருக்க வேண்டும். அறைகள் கொண்ட, தரையில்லாத மர வீடு ஒன்று, ஒரு சிறு தண்ணீர்க் கிண்ணம், மூடி மறையக் கார்க் பட்டைகள் சில. இவை போதும்.

‘ஹாம்ஸ்டர் பஞ்சு’ என்று ஒரு பொருளைக் கடைக்காரர் நீட்டுவார். அதை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். இழைகள் காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், விழுங்கினால் குடலை அடைக்கும். வாசனையில்லாத கழிவறைக் காகிதத்தைக் கிழித்துப் போட்டால் அதுவே அழகாகக் கூடு கட்டிக்கொள்ளும்.

விலங்கின் விலை பெரும்பாலும் இருபது யூரோவை ஒட்டித்தான் இருக்கும். செலவெல்லாம் இருப்பிடத்துக்கு ஆவதுதான். அந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது

என் வரிசையில் முதலிடம் ஹாம்ஸ்டர் மீட்புக் குழுக்களுக்கு. ‘ஹாம்ஸ்டர்ஹில்ஃபே’ என்ற சொல்லோடு உங்கள் மாநிலத்தின் பெயரையும் சேர்த்து இணையத்தில் தேடுங்கள். வடக்கு ரைன்–வெஸ்ட்ஃபாலியா போன்ற பகுதிகளில் இப்படிப்பட்ட குழுக்கள் செயல்படுகின்றன. கைவிடப்பட்டவை, கட்டுப்பாடின்றிப் பெருகிய வீடுகளிலிருந்து மீட்கப்பட்டவை எல்லாம் தன்னார்வலர்களின் வீடுகளில் தங்கியிருக்கும். ஒரே வீட்டிலிருந்து பல ரோபோக்கள் ஒருசேர மீட்கப்படும் சமயங்கள் உண்டு. அப்போது உங்களுக்குக் காத்திருப்பு இருக்காது. இவர்கள் விலங்கின் பாலினத்தையும் உடல்நிலையையும் சரிபார்த்த பிறகே தருவார்கள். கேள்வி அதிகம் கேட்பார்கள். அது உங்கள்மீதான சந்தேகம் அல்ல. எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது, ‘டீர்ஹைம்’ எனப்படும் விலங்குக் காப்பகங்கள். ஒவ்வொரு பெரிய ஊரிலும் ஒன்று இருக்கிறது. இணையதளத்தில் நாய், பூனைக்குக் கீழே ‘சிறு விலங்குகள்’ பகுதி இருக்கும். படம் போடாமலே சில விலங்குகள் உள்ளே இருக்கும் என்பதால் தொலைபேசியில் கேட்பது பயன் தரும். டிசம்பரில் போய் நிற்காதீர்கள். விலங்குகள் கிறிஸ்துமஸ் பரிசாகிவிடக் கூடாது என்பதற்காகப் பல காப்பகங்கள் பண்டிகைக் காலத்தில் கொடுப்பதையே நிறுத்திவிடுகின்றன. ஜனவரிக்குப் பிறகு, பரிசாகப் போனவை திரும்பி வரத் தொடங்கும்.

மூன்றாவது, முன்பு ஈபேயின் பெயரோடு இருந்து 2023-இல் வெறும் ‘க்ளைன்அன்ட்சைகன்’ ஆன விளம்பரத் தளம். இங்கே நல்லவர்களும் உண்டு, வீட்டில் கூண்டு கூண்டாகப் பெருக்கி விற்பவர்களும் உண்டு. தேடும்போது ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் ‘வி’ எழுத்துக்குப் பதில் ‘டபிள்யூ’ வரும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு விதமாகவும் போட்டுத் தேடுங்கள், ‘ரோபோ’ என்று சுருக்கியும் தேடுங்கள். தேடலைச் சேமித்து வைத்தால் புதிய விளம்பரம் வந்ததும் அறிவிப்பு வரும்.

பொறுப்பான பொழுதுபோக்கு வளர்ப்பாளர்கள் சிலர் இருக்கிறார்கள். பெற்றோர் விலங்குகளைக் காட்டுவார்கள், வம்சாவளி எழுதி வைத்திருப்பார்கள், குட்டி பிறந்து ஐந்தாறு வாரம் ஆகாமல் தர மாட்டார்கள், காத்திருப்போர் பட்டியல் வைத்திருப்பார்கள். காத்திருக்க மனமிருந்தால் அதுவும் நல்ல வழி.

கடைகளைக் கடைசியில் வைக்கிறேன். ஃபிரெஸ்நாப்ஃப் போன்ற சங்கிலிக் கடைகளின் எல்லாக் கிளைகளிலும் உயிருள்ள விலங்கு கிடைக்காது. டூயிஸ்புர்க்கில் இருக்கும் ட்சூ சாயாக், உலகின் மிகப் பெரிய செல்லப்பிராணிக் கடை என்று பெயர் பெற்றது. அங்கு போனால் பல இனங்களை நேரில் பார்த்து வேறுபாடு கற்றுக்கொள்ளலாம். ஆனால் பொதுவாகக் கடையில் பாலினம் தவறாகச் சொல்லப்படும் வாய்ப்பு அதிகம், ஏற்கெனவே சினையான பெண் விலங்கு வீட்டுக்கு வந்து மூன்று வாரத்துக்குள் குட்டி போட்ட கதைகளும் அதிகம். ‘இவை சேர்ந்துதான் வாழும், இரண்டாக வாங்குங்கள்’ என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். ரோபோக்கள் சில காலம் ஒன்றாக இருக்கும். பிறகு ஒரே இரவில் சண்டை மூண்டு ஒன்று இறந்துகிடக்கும். புதிதாக வளர்ப்பவர் ஒன்றை மட்டும் வளர்ப்பதே பாதுகாப்பு.

ஒரு விளம்பரத்தை எப்படிப் படிப்பது

எடுத்துக்காட்டாக இப்படி ஒன்று வருகிறது என்று வையுங்கள்: “ரோபோ போக், மே மாதம் பிறந்தது, ஷுட்ஸ்ஃபெர்ட்ராக் உண்டு, ஷுட்ஸ்கெபூர் 15 யூரோ, மிட்ஃபார்கெலேகன்ஹைட் சாத்தியம்.” போக் என்றால் ஆண். பெண்ணென்றால் வைப்ஷென் என்று போட்டிருப்பார்கள். ஷுட்ஸ்ஃபெர்ட்ராக் என்பது பாதுகாப்பு ஒப்பந்தம். வளர்க்க முடியாமல் போனால் மூன்றாம் நபருக்குக் கொடுக்காமல் தங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதுதான் அதில் முக்கிய நிபந்தனை. கையெழுத்திடும் முன் அந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். ஷுட்ஸ்கெபூர் என்பது விலங்குக்காக நீங்கள் கட்டும் பாதுகாப்புக் கட்டணம். கடைசிச் சொல், அந்தப் பக்கம் பயணம் செய்யும் யாராவது விலங்கை உங்கள் ஊர்வரை கொண்டுவந்து தரும் ஏற்பாடு. ஜெர்மன் ஹாம்ஸ்டர் ஆர்வலர்களிடையே இது மிகவும் சகஜம். ஹாம்பர்கில் இருக்கும் விலங்கு ஸ்டுட்கார்ட்டுக்கு வருவதெல்லாம் இப்படித்தான்.

பிறந்த மாதம் இல்லாமல், இருப்பிடத்தின் படமில்லாமல், ‘உடனே எடுத்துக்கொள்ளுங்கள், பல நிறங்களில் குட்டிகள் எப்போதும் இருக்கும்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். முன்பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே உரையாடலை முடித்துவிடுங்கள்.

எழுத வேண்டிய முதல் கடிதம்

“இன்னும் இருக்கிறதா?” என்ற ஒற்றை வரிக்குப் பெரும்பாலும் பதிலே வராது. உங்கள் ஜெர்மன் தடுமாற்றமாக இருந்தாலும் பரவாயில்லை, முழுக் கடிதமாக எழுதுங்கள். வணக்கம் சொல்லி, பெயர், ஊர், வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகளின் வயது என்ன, இருப்பிடத்தின் நீள அகல உயரம், மரச்சீவலின் ஆழம், மணல் பகுதியின் அளவு, சக்கரத்தின் விட்டம், என்ன தீவனம், நீங்கள் விடுமுறையில் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். தயாராக இருக்கும் தொட்டியின் படத்தை இணையுங்கள். முதன்முறை வளர்ப்பவர் என்பதை மறைக்க வேண்டாம். இருப்பிடம் ஏற்கெனவே அமைத்து வைத்திருக்கும் புதியவருக்கு, அனுபவம் இருப்பதாகச் சொல்லி அளவைச் சொல்லத் தயங்குபவரைவிட மரியாதை அதிகம்.

நேரில் போகும் நாள்

மாலையில் போங்கள். பகலில் தூங்கும் விலங்கை எழுப்பிப் பார்த்தால் அது சோர்வாகத்தான் தெரியும். இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், ஓரத்தில் பீளை கூடாது. மூக்கும் பின்புறமும் உலர்ந்திருக்க வேண்டும். நடக்கும்போது ஒருபக்கம் சாய்ந்தால் கேள்வி கேளுங்கள். பல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் பயப்படாதீர்கள், ஹாம்ஸ்டரின் முன்பற்களுக்கு அதுதான் இயல்பு. வெள்ளையாக இருந்தால்தான் கவனிக்க வேண்டும். பழைய கூண்டிலிருந்து ஒரு கைப்பிடி மரச்சீவல் கேட்டு வாங்கி வாருங்கள். அந்த வாசம் புதிய இடத்தில் அதற்குத் துணை.

டாய்ச்ச பான் ரயில்களில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் சிறு விலங்குக்கு டிக்கெட் தேவையில்லை. காற்றுத் துளையுள்ள உறுதியான பெட்டி, உள்ளே மரச்சீவல், கொஞ்சம் தீவனம், தண்ணீருக்குப் பதில் ஒரு வெள்ளரித் துண்டு. அட்டைப்பெட்டியைக் கடித்துத் துளைத்துவிடும். குளிர்காலமென்றால் பெட்டியைத் துண்டால் சுற்றுங்கள், துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இருப்பிடத்துக்குள் வைத்துத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் சில நாள்கள் அது வெளியே வராமலே இருக்கலாம். இரவில் தீவனம் குறைகிறதா, மணலில் புதிய கால்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லாம் சரி.

வெப்பமூட்டிக்குப் பக்கத்திலோ நேர் வெயில் படும் ஜன்னலோரத்திலோ தொட்டியை வைக்காதீர்கள். பெரும்பாலான ஜெர்மன் வீடுகளில் குளிர்சாதனம் கிடையாது என்பதால் ஜூலை வெயிலில் கண்ணாடித் தொட்டி சட்டென்று சூடேறிவிடும்.

மருத்துவர்

விலங்கு வருமுன்பே ஒரு மருத்துவரைக் கண்டுபிடித்து எண்ணைக் குறித்து வையுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லோருக்கும் ஹாம்ஸ்டர் பார்க்கத் தெரியாது. ‘ஹைம்டீரே’ (சிறு செல்லப்பிராணிகள்) என்ற கூடுதல் தகுதி உள்ளவரைத் தேடுங்கள், மீட்புக் குழுவினரிடமும் கேளுங்கள். கட்டணம் அரசு விதிப்படி. 2022 நவம்பரில் திருத்தப்பட்ட அந்த விதியின்படி, அடிப்படைக் கட்டணத்தின் மூன்று மடங்குவரை வாங்கலாம். இரவு, வார இறுதி அவசரச் சேவைக்கு நான்கு மடங்குவரை போகும், அதன்மேல் 50 யூரோ அவசரக் கட்டணமும் உண்டு. இருபது கிராம் விலங்குக்கும் இதேதான். அதற்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருங்கள்.

ஊருக்குப் போகும்போதும், நாடு மாறும்போதும்

சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நான்கு வாரம் போய்வரும் குடும்பங்களுக்கு இது பெரிய கேள்வி. வார இறுதிக்கு விட்டுப் போவதுபோல் கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போக முடியாது. காப்பகங்களும் தனியார் விலங்கு விடுதிகளும் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும், கோடை விடுமுறைக்குப் பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். நம்பிக்கையான அண்டைவீட்டார் இருந்தால் அதுவே சிறந்தது, தொட்டியை இடம் மாற்றத் தேவையிருக்காது.

நிரந்தரமாகத் திரும்புவதென்றால் ஹாம்ஸ்டரை உடன் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்தியாவுக்குப் பயணிகள் உடன் கொண்டுவரும் செல்லப்பிராணிக்கான வசதி நாய், பூனைக்கானது. ஜெர்மனியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ வேலை மாறுபவர்கள் கவனியுங்கள், அந்த நாடுகளில் ஹாம்ஸ்டர் வளர்க்கவே தடை. பாதுகாப்பு ஒப்பந்தத்தோடு வாங்கியிருந்தால் கொடுத்தவரிடம் இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். வேறு வீடு தேட அவர்களுக்கு அவ்வளவு அவகாசம் வேண்டும்.

அண்டைவீட்டாரிடம் சாவி கொடுக்கும்போது ஜெர்மனில் ஒரு பக்கம் எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டுப் போங்கள். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி தீவனம், வாரத்துக்கு இரண்டு உலர் புழு, தண்ணீர் தினமும் புதிதாக, வளையைத் தோண்டிப் பார்க்க வேண்டாம், மருத்துவரின் எண், உங்கள் வாட்ஸ்அப் எண்.